பெரிய மூட்டையா, சின்னப் பையா? தொட்டி மீனுக்கு விற்றமின் வாங்கும் கணக்கு

போன மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், புறக்கோட்டையில் ஒரு தீவனக் கடை வாசலில் நின்றபடி மனைவியின் தம்பி போன் எடுத்தான். பின்னால் பஸ் ஹோர்ன் சத்தம், நாட்டாமிமாரின் "வழி, வழி!"

"அத்தான், 25 கிலோ மூட்டையா எடுத்தா கிலோவுக்கு நல்ல மலிவா வருது. மிச்சக் காசுக்கு விற்றமின் சீ குளிசை வாங்கி இடிச்சுக் கலந்து போட்டா மீனுக்கு வருத்தம் வராதுதானே?"

"இப்ப ஒண்டும் வாங்காத. இரவைக்கு வீட்ட வா" என்றேன்.

அவன் இருப்பது மட்டக்குளியில். பின்வளவில் இரண்டு சீமெந்துத் தொட்டிகள், 200 திலாப்பியாக் குஞ்சுகள், ஒரு காற்றுப் பம்பு. தெரிந்த ஒருவரின் தொட்டியில் ஒரே கிழமையில் பாதி மீன் செத்து மிதந்த கதையைக் கேட்டதிலிருந்து ஆளுக்கு நித்திரை இல்லை. மீன் ஆராய்ச்சிக்கென்றே இருக்கிற நாரா நிறுவனம் அவன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். இருந்தும் கேள்வி என்னவோ பாலம் தாண்டி வத்தளைக்கு, என்னிடம்தான் வரும். நான் விஞ்ஞானி இல்லை. சில வருடங்களாக வளர்த்து, பிழை விட்டு, பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டவன்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் நான்கு வழிகளை வைத்துப் பேசினோம். மலிவு மூட்டையும் குளிசையும். விற்றமின் நிலைத்து நிற்கும்படி செய்த நல்ல தீவனம், சின்னப் பையாக. வீட்டு முருங்கையிலையும் நெல்லியும். தண்ணீரைப் பச்சையாக விட்டு இயற்கையிடம் பொறுப்புக் கொடுப்பது. இதே குழப்பத்தில் இருக்கிறவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

விற்றமின் மீனுக்குள் போய் என்ன செய்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். நம்மைப் போலவே திலாப்பியா, கொடுவா, கெளுத்தி எல்லாமே தங்கள் உடம்பில் விற்றமின் சீயைத் தயாரிக்க முடியாதவை. குளுக்கோசிலிருந்து அதைச் செய்யும் கடைசிப் படிக்குரிய நொதியம் அவற்றிடம் இல்லை. சுறாவிடம் இருக்கிறது, நம் தொட்டி மீனிடம் இல்லை. ஆகவே தின்கிற தீனியில் வராவிட்டால் வேறு வழியே கிடையாது. தோல், செதில், செவுளின் குருத்தெலும்பு, முள்ளந்தண்டு எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்து நிற்கும் கொலாஜன் என்ற புரதம் சீ இல்லாமல் சரியாக முறுகாது. வலை போட்டு அள்ளும்போது உரசிய இடம் ஆறாமல் இருந்தால் தண்ணீரில் எப்போதும் இருக்கிற ஏரோமோனஸ் போன்ற பற்றீரியாவுக்கு அது திறந்த கதவு.

கதவுக்கு உள்ளேயும் காவல் இருக்கிறது. கிருமியை விழுங்கும் வெள்ளணுக்கள், ஒட்சிசனிலிருந்து உண்டாக்கும் நெருப்புப் போன்ற பொருட்களால் அதைச் சுட்டுக் கொல்கின்றன. அந்தச் சூடு தங்களையே எரிக்காமல் இருக்கக் கவசம் வேண்டும். கலத்தின் நீர்ப் பகுதியில் விற்றமின் சீ, கொழுப்பாலான கலமென்சவ்வில் விற்றமின் ஈ. ஈ தன் வேலையைச் செய்து களைத்துப் போனால் சீதான் அதைத் திரும்பவும் எழுப்பி விடுகிறது. ஒன்றை மட்டும் அள்ளிப் போட்டு மற்றதைக் கவனிக்காமல் விட்டால் காசுக்கேற்ற பலன் வராது.

எவ்வளவு வேண்டும்? வளர்ச்சிக்கும் சாதாரண ஆரோக்கியத்துக்கும் ஒரு கிலோ தீவனத்தில் 20 முதல் 50 மில்லிகிராம் விற்றமின் சீ பல இன மீன்களுக்குப் போதும். 1985இல் லீ, லவல் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்கக் கெளுத்தியில் கிலோவுக்கு 3000 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்தார்கள். கூடுதலாகப் பெற்ற மீன்கள் கிருமியை நன்றாகத் தாங்கின. "அள்ளிப் போடு" என்ற எண்ணத்துக்கு இப்படியான முடிவுகள் இடம் கொடுத்தன. பிறகு அதே மீனில் செய்த சோதனைகளில், தேவையான அளவு ஒழுங்காகக் கிடைத்த மீனுக்கு அதற்கு மேல் அள்ளிப் போட்டதால் பெரிய நன்மை தெரியவில்லை. என் அனுபவமும் இரண்டாவது பக்கம்தான் சாய்கிறது. குறைந்தால் மீன் சாகும். கூடினால் மீன் சாகாது, உங்கள் பணப்பைதான் மெலியும். (விற்றமின் ஏ விஷயத்தில் இப்படிச் சொல்லமாட்டேன். அது ஈரலில் தேங்கி நஞ்சாகும்.)

இப்போது குளிசைக்கு வருவோம். கடதாசியில் கணக்குப் போட்டால் இதைப் போல நல்ல வழி இல்லை. 500 மில்லிகிராம் குளிசை ஒன்றை இடித்து ஒரு கிலோ தீவனத்தில் கலந்தால் தேவையைவிடப் பத்து மடங்கு வந்துவிடுகிறது. ஆனால் சாதாரண விற்றமின் சீ, அதாவது அஸ்கோர்பிக் அமிலம், காற்றையும் ஈரத்தையும் வெப்பத்தையும் தாங்காது. தீவனத்தில் இருக்கும் இரும்பும் செம்பும் அதை இன்னும் வேகமாக அழிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது சீனியைப் போலத் தண்ணீரில் கரையும்.

இதை வாயால் சொல்லி மச்சானுக்கு ஏறவில்லை. சரி என்று ஒரு பிடி தீவனத்தை எடுத்து, இடித்த குளிசைத் தூளைத் தண்ணீர் தெளித்துப் பிரட்டி, விசிறிக்குக் கீழே காய வைத்தேன். பிறகு இரண்டு கண்ணாடித் தம்ளர். ஒன்றில் தூள் பிரட்டிய தீவனம், மற்றதில் வெறும் தீவனம். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் விட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, தேத்தண்ணீர் வடியால் வடித்தேன். காயத்துக்குப் பூசும் பழுப்பு நிற அயடீன் மருந்து வீட்டில் இருந்தது. அதில் ஒவ்வொரு துளியாக இரண்டு தம்ளரிலும் விட்டேன். வெறும் தீவனத் தண்ணீரில் பழுப்பு அப்படியே நின்றது, மாப்பொருள் கலந்திருந்ததால் கொஞ்சம் கருநீலமும் தட்டியது. தூள் பிரட்டிய தீவனத்தின் தண்ணீரில் விழுந்த துளி விழுந்த இடத்திலேயே நிறம் அற்றுப் போனது. இன்னொன்று விட்டேன், அதுவும் போனது. அயடீனின் நிறத்தை அழிப்பது விற்றமின் சீ. அது அங்கே தண்ணீரில் இருந்தது, தீவனத்தில் இல்லை.

"அப்ப நான் தொட்டிக்குத்தான் விற்றமின் குடுக்கப் பாத்திருக்கிறன்" என்றான்.

பெரிய மீன் தீவனத்தை ஒரே கவ்வில் விழுங்கும், அதற்கு நட்டம் குறைவு. குஞ்சுகள் கொத்திக் கொத்தித் தின்னும். தூள் தீவனத்துக்குப் பரப்பும் கூட. விற்றமின் அதிகம் தேவைப்படுகிற வயதில்தான் அதிகம் கரைந்து போகிறது. குளிசை வழியை நான் முழுதாகத் தள்ளவில்லை. வலை போட்டு மீனைத் தரம் பிரிக்கிற நாளுக்கு முன், அல்லது குஞ்சுகளை வேறு இடத்துக்குக் கொண்டுபோகிறதற்கு முன், நாலைந்து நாளைக்குக் கொடுக்கலாம். தூளைச் சிறிது நீரில் கரைத்துத் தெளித்து, நிழலில் காய வைத்து, மேலே மெல்லியதாக மீனெண்ணெய் பூசி, அன்றன்றைக்குச் செய்ததை அன்றன்றைக்கே போட்டு முடிக்க வேண்டும். தினசரி வேலையாக இதை நம்பக்கூடாது.

நல்ல தீவனக் கம்பனிகள் செய்வது வேறு. அஸ்கோர்பிக் அமில மூலக்கூறு பழுதாகத் தொடங்கும் இடத்தில் ஒரு பொஸ்பேற்றுப் பூட்டைப் போட்டுவிடுகிறார்கள். காற்றும் வெப்பமும் அந்தப் பூட்டை எளிதில் திறக்காது, மீனின் குடலில் உள்ள நொதியம் திறந்துவிடும். பையின் பின்பக்கம் பொடி எழுத்தில் "மொனோபொஸ்பேற்று" அல்லது "பொலிபொஸ்பேற்று" என்ற சொல் அஸ்கோர்பிலுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே "விற்றமின் சீ" என்று மட்டும் போட்டிருந்தால் கேள்வி கேட்க வேண்டும். தீவனம் அச்சில் வெந்து வரும்போதே சாதாரண சீயின் பெரும்பகுதி போய்விடும். பையில் அச்சடித்திருக்கும் அளவு, போட்ட அளவா அல்லது மிஞ்சிய அளவா என்பது வேறு விஷயம்.

பூட்டுப் போட்டாலும் என்றென்றைக்கும் நிற்காது. ஈயும் ஏயும் நாளாக நாளாகக் குறைந்துகொண்டே போகும், கொழுப்பும் காறும். அதனால்தான் நான் மூட்டையின் விலையைப் பார்க்கிறதற்கு முன் அது எத்தனை நாளைக்கு வரும் என்று பார்க்கச் சொல்கிறேன். மச்சானின் மீன் ஒன்று இப்போது சுமார் 20 கிராம். 200 மீன் சேர்ந்து 4 கிலோ. உடம்பு எடையில் 5 சதவீதம் தீனி என்றால் நாளுக்கு 200 கிராம். 25 கிலோ மூட்டை இந்தக் கணக்கில் 125 நாள் வரும். மீன் வளர வளரத் தீனி கூடும் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு மாதத்தைத் தாண்டும். அத்தனை நாளும் அது கொழும்பின் புழுக்கத்தில், வாய் திறந்தபடி, பின்வளவில் இருக்கப் போகிறது. 5 கிலோப் பை 25 நாளில் முடிந்துவிடும்.

என் தொட்டியில் 600 மீன், ஒவ்வொன்றும் 150 கிராம். நாளுக்கு 2 சதவீதம் என்றால் 1.8 கிலோ. எனக்கு அதே 25 கிலோ மூட்டை இரண்டு கிழமையில் காலி. ஆகவே நான் மூட்டை வாங்குவது சரி, அவன் வாங்குவது பிழை. அக்கா வீட்டில் மூட்டை இருக்கிறதே என்று தம்பி வாங்கப் போனால் இப்படித்தான்.

இதை நான் நல்லபிள்ளையாகச் சொல்லவில்லை. தொடங்கிய காலத்தில் ஒரு கடையில் கழிவு விலையில் கிடைத்தது என்று மூன்று மூட்டை ஏற்றி வந்தேன். பை மாற்றிக் கட்டியது, திகதி எதுவும் இல்லை, நானும் கேட்கவில்லை. தகரக் கொட்டிலுக்குள் அடுக்கி வைத்தேன், மத்தியானத்தில் கை வைக்க முடியாத சூடு. குஞ்சுகள் நன்றாகத்தான் தின்றன. சில கிழமை கழித்து ஒருநாள் தொட்டி கழுவும்போது ஒரு குஞ்சைக் கையில் எடுத்தேன். உள்ளங்கையில் அது நேராகப் படுக்கவில்லை. வால் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம், நடுவில் முதுகு எழுத்தாணி வளைந்தது போல. செவுள் மூடி கட்டையாகி, உள்ளே சிவப்புச் செவுள் வெளியே தெரிந்தது. பிறகு தேடித் தேடிப் பார்த்தால் இருபது முப்பது அப்படி. எனக்கு அப்போது தெரியாது, வளைந்த முதுகும் குட்டையான செவுள் மூடியும் விற்றமின் சீ இல்லாத குஞ்சின் பழைய அடையாளம் என்று. வளைந்தது நிமிராது. அடுத்த மழைக்குத் தண்ணீர் மாறியபோது முதலில் புண் வந்து செத்தவையும் அவைதான். நேராக இருந்த பல மீன்கள் அதே தண்ணீரில் பிழைத்தன.

கொழும்பில் தீவனம் வைக்கிறவர்கள் பூஞ்சணத்தையும் மறக்கக்கூடாது. ஈரம் பட்ட தீவனத்தில் வளரும் பூஞ்சணம் விடும் அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சு ஈரலையும் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்தே கெடுக்கும். கட்டி பிடித்த தீவனத்துக்கு மேல் எந்த விற்றமினைத் தூவியும் பயனில்லை, கொட்டுவதுதான் வழி. வைப்பதென்றால் மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி, தரையில் படாமல் ஒரு பலகை, வீட்டுக்குள் இருட்டான மூலை. மனைவி ஏசத்தான் செய்வார்.

விற்றமின் ஈயைப் பற்றிக் கொஞ்சம். இது எண்ணெய்க் கணக்கோடு போகும் சாமான். திலாப்பியாத் தீவனத்தில் 5 சதவீதம் கொழுப்பு இருந்தால் கிலோவுக்கு 50 முதல் 100 மில்லிகிராம் போதும், கொழுப்பு 10 முதல் 15 சதவீதமானால் தேவை 500 வரை ஏறும் என்று 1987இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். சிலர் மீன் கொழுக்கட்டும் என்று வீட்டில் எண்ணெய் ஊற்றிப் பிரட்டுகிறார்கள். ஊற்றுகிற ஒவ்வொரு கரண்டிக்கும் ஈயின் தேவை கூடுகிறது. காறல் எண்ணெய் என்றால் உள்ள ஈயையும் அதுவே எரித்துவிடும். குளிசை கலந்த தீவனத்துக்கு மேல் எண்ணெயை மெல்லியதாகப் பூசு என்று நான் சொன்னதும் அதனால்தான்.

அடுத்தது முருங்கையும் நெல்லியும். மாமியின் கட்சி இது. மேசையில் நாங்கள் பேசுகிறதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், "மரத்தில சும்மா கிடக்குது, அதை விட்டுட்டு ஏன் கடையில காசைக் கொட்டுறீங்க?" என்றார். அவர் சொல்வதில் பாதி சரி. முருங்கையிலையில் விற்றமின் ஏயாக மாறக்கூடிய கரோட்டீன் நிறைய உண்டு. சீயைப் பொறுத்தவரை கொய்யாப்பழத்தில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல், தேசிக்காயில் 30 மில்லிகிராம் அளவு. நெல்லிக்காயும் இதில் பேர் போனது. சிக்கல், இவற்றை மீனுக்குள் கொண்டு போவதில். வெயிலில் காய வைத்தால் சீயின் பெரும்பகுதி அங்கேயே போகிறது. பச்சையாக அரைத்து ஊற்றினால் குளிசையைப் போலவே தண்ணீரோடு போகும், கூடவே தண்ணீரும் கெடும். முருங்கைத் தூளை அதிகம் கலந்தால் அதிலுள்ள சப்போனின், தனின் என்ற பொருட்கள் வளர்ச்சியைப் பிடித்து இழுக்கும். திலாப்பியாவில் தீவனப் புரதத்தின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முருங்கையிலையால் மாற்றியபோது வளர்ச்சி குறைந்தது. பெரிய மீனுக்குப் பிஞ்சு இலையைக் கிழித்துப் போடுங்கள், ஆசையாகத் தின்னும். ஆனால் குஞ்சை அதை நம்பி வளர்க்க வேண்டாம். மாமி இதை ஏற்கவில்லை. அடுத்த நாளும் ஒரு கொத்து இலை கொடுத்துவிட்டார்.

நான்காவது வழி எனக்குப் பிடித்தது, ஆனால் கொழும்புக்குக் கொஞ்சம் கஷ்டமானது. 1952இல் இலங்கைக்கு வந்த திலாப்பியா நம் உலர் வலயக் குளங்களில் பெருகியபோது யாரும் அதற்குத் தீவனம் போடவில்லை. இன்றைக்கும் குளத்தில் விட்ட பிறகு குஞ்சு பெரும்பாலும் கடைத் தீவனத்தைக் கண்ணால் காண்பதில்லை. பச்சைத் தண்ணீரில் மிதக்கும் பாசியையும் சிற்றுயிரையும் வடித்துத் தின்று வளர்கிறது. விற்றமின் முழுதும் அதிலேயே இருக்கிறது, உயிரோடு இருப்பதால் கெடுவதும் இல்லை. பீ12ஐத் திலாப்பியாவின் குடலில் உள்ள பற்றீரியாவே செய்து கொடுத்துவிடுகிறது. மண் குளம் உள்ளவர் மலிவுத் தீவனம் போட்டும் தப்புவதற்கும், சீமெந்துத் தொட்டிக்காரர் அதே தீவனத்தில் மாட்டிக்கொள்வதற்கும் காரணம் இதுதான். தெளிந்த தண்ணீர் பார்க்க அழகு. அதில் தீவனத்தைத் தவிர வேறு சாப்பாடு இல்லை.

மச்சானின் இரண்டு தொட்டிகளில் ஒன்றைக் கொஞ்சம் பச்சையாக விடலாம் என்று சொன்னேன். ஆனால் பாசி பகலில் ஒட்சிசன் தரும், இரவில் அதுவே எடுக்கும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். காற்றுப் பம்பு இரவு முழுக்க ஓட வேண்டும், கரண்ட் போனால் எழும்பிப் பார்க்க ஆள் வேண்டும். நித்திரை இல்லாத ஆளுக்கு இது பொருத்தம்தான் என்று மனைவி சொன்னாள்.

கொடுவா வளர்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பச்சைச் சின்ன மீனை வெட்டிப் போடுகிறவர்கள், அவற்றில் பலவற்றிலும் விற்றமின் பீ1ஐ அழிக்கும் நொதியம் இருப்பதை மறக்கக்கூடாது. அவித்துப் போட்டால் அந்த நொதியம் செத்துவிடும்.

மச்சான் கேட்ட கடைசிக் கேள்வி, "வருத்தம் வந்த பிறகு குடுத்தா மாறுமா?" மாறாது. 28 பாகைக்கு மேல் சூடான நெரிசல் தண்ணீரில் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற பற்றீரியா புகுந்துவிட்டால் மீனின் கண் பிதுங்கும், வட்டமடித்து நீந்தும். விற்றமின் ஏயோ ஈயோ குறைந்தாலும் கண் பிதுங்கலாம் என்பதால் சிலர் விற்றமின் பையைத் தேடி ஓடுகிறார்கள். ஒன்றிரண்டு நாளில் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தால் அது கிருமி. மிருக வைத்தியரிடம் போங்கள். நோய் கொண்ட மீன் சாப்பிடுவதையே நிறுத்திவிடும், தின்னாத மீனுக்குத் தீவனத்தில் எதைக் கலந்து என்ன? அமோனியா ஏறிய தண்ணீருக்கும் இதே பதில். அங்கே வாளியும் குழாயும்தான் மருந்து. விற்றமின் வேலை செய்வது அதற்கு முந்தைய கிழமைகளில், ஒன்றும் நடக்காத நாட்களில்.

திங்கட்கிழமை அவன் பொஸ்பேற்று வடிவம் போட்ட தீவனம் 5 கிலோப் பை இரண்டு வாங்கினான். தயாரித்த திகதி ஆறு கிழமைக்கு முந்தியது. கடைக்காரர் முன்பக்கம் இருந்த பழைய பையை நீட்டியிருக்கிறார், இவன் பின்னால் இருந்ததைக் கேட்டு வாங்கியிருக்கிறான். கிலோவுக்குக் கொடுத்த கூடுதல் காசு, வாங்காமல் விட்ட குளிசைப் போத்தல்களோடு ஏறக்குறையச் சரிக்குச் சரி. ஒரு பையைத் திறந்து வாளியில் கொட்டி, மூடியில் கறுப்பு மார்க்கரால் திகதி எழுதினான். மற்றப் பை கட்டிலுக்குக் கீழே. வீட்டில் மிஞ்சியிருந்த பழைய தீவனம் என்ன செய்வது என்று கேட்டான். மணந்து பார்த்தேன். காறல் இல்லை, கட்டியும் இல்லை. என் பெரிய மீனுக்குப் போடுகிறேன் என்று பையோடு வாங்கி வந்தேன், முருங்கைக் கொத்து அதன் மேலே.